கட்டாமல் எப்படிக் கட்டுமரம்? ஆங்கிலச் சொற்களின் வேரைத் தேடிப் போக ஒரு முழு வழிகாட்டி

போன மாசியில் ஒரு சாயங்காலம் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் என் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். வெள்ளை வெளேரென்று இரண்டு உடல், நடுவே ஒரு மேடை, மேலே உயரமான பாய், ஏதோ வெளிநாட்டுத் துறைமுகத்தில் நிற்கிற பணக்காரப் படகு. "இதுக்கு இங்கிலீஷ்ல கேட்டமரான்னு பேர் ஐயா, நம்ம கட்டுமரம்தான் அப்படி ஆகியிருக்கு" என்றேன். அவர் படத்தைப் பெரிதாக்கி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்திப் பார்த்தார். "எங்கயுமே கட்டலையே தம்பி. கட்டாம எப்படிக் கட்டுமரம்?" என்று கேட்டார்.

ஒரு சொல்லை ஆராய்கிறவர் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். சொல் அதேதான், பொருள் வேறு. எங்கே மாறியது, யார் மாற்றினார்கள், எப்போது? இதைத் தேடிப் போக மொழியியல் பட்டமெல்லாம் வேண்டாம். ஒரு போன், ஒரு நோட்டு, கொஞ்சம் பொறுமை போதும். நான் பத்து வருஷமாக இப்படித்தான் தேடுகிறேன், கடலூரிலும் புதுச்சேரியிலும் இருக்கிறவர்களுக்கு இது இன்னும் சுலபம் என்றே சொல்வேன், ஏனென்றால் பல சொற்கள் கப்பல் ஏறிய கரையே நம்முடையதுதான்.

முதல் படி: பொருளாகத் தொடக்கூடிய ஒரு சொல்லை எடுங்கள்

'சுதந்திரம்', 'அறிவு' மாதிரியான பெரிய கருத்துகளுக்குரிய ஆங்கிலச் சொற்களில் தொடங்காதீர்கள், சலித்துப்போகும். சமையலறையில், கடைத்தெருவில், கடற்கரையில் இருக்கிற சாமானின் பெயரை எடுங்கள். ஜிஞ்சர், பெப்பர், மேங்கோ, கறி. பொருள் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகும்போது பெயரும் கூடவே போகும், அதனால் வழி தெரியும்.

அகராதியைத் திறப்பதற்கு முன்னால் நோட்டில் உங்கள் ஊகத்தை எழுதுங்கள். 'இது இங்கிருந்து வந்திருக்கும் என்று நினைக்கிறேன், காரணம் இது' என்று ஒரு வரி போதும். இதைத் தவறாமல் செய்யுங்கள். பின்னால் விடை கிடைத்ததும், முதலிலேயே நமக்குத் தெரிந்திருந்தது போல மனசு நம்மை ஏமாற்றும், எழுதி வைத்த வரி அதற்கு இடம் கொடுக்காது.

இரண்டாம் படி: எந்த அகராதி, அதை எப்படிப் படிப்பது

இலவசமாகவும் விரைவாகவும் பார்க்க எட்டிமான்லைன் இருக்கிறது. டக்ளஸ் ஹார்ப்பர் என்பவர் தொடங்கிய இணைய அகராதி, சொல் எழுத்தில் முதலில் கிடைக்கிற காலம், முன் வடிவங்கள், வந்த வழி எல்லாவற்றையும் ஒரு பத்தியில் தந்துவிடும். பெரிய அதாரிட்டி என்றால் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி. 1884ல் முதல் பகுதி வந்து 1928ல்தான் முதல் பதிப்பு முடிந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் அந்தந்தக் காலத்து எழுத்திலிருந்தே மேற்கோள் காட்டுவது அதன் பலம். முழுதாகப் பார்க்கச் சந்தா வேண்டும், படிக்கிற கல்லூரியில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

நமக்கு மிக நெருக்கமானது 'ஹாப்சன்-ஜாப்சன்'. ஹென்றி யூல், ஏ.சி. பர்னெல் இருவரும் தொகுத்து 1886ல் வந்தது. இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்களின் ஆங்கிலத்தில் புழங்கிய சொற்களுக்கான அகராதி. பர்னெல் சென்னை மாகாணத்தில் சிவில் சர்வீஸில் இருந்தவர், அதனால் தென்னாட்டுச் சொற்களைப் பற்றி நிறைய இருக்கும். அந்தக் காலத்து வெள்ளைக்காரரின் பார்வையும் ஆங்காங்கே கூடவே வரும், மேற்கோள்களை எடுத்துக்கொண்டு அதை ஒதுக்கிவிடுங்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் டிஜிட்டல் சவுத் ஏசியா லைப்ரரி தளத்தில் இலவசமாகத் தேடலாம். அதே தளத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும், பர்ரோ, எமனோ இருவரின் திராவிடச் சொற்பிறப்பு அகராதியும் இருக்கின்றன. இந்த மூன்றையும் போனில் புக்மார்க் செய்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

பதிவைப் படிக்கும்போது நான்கைந்து இடங்களில் நின்று படிக்க வேண்டும். 'ஃப்ரம்' என்றிருந்தால் அந்தச் சொல்லிலிருந்து வந்தது என்று பொருள். 'காக்னேட்' என்றிருந்தால் வந்தது இல்லை, இரண்டும் ஒரே மூதாதையின் பிள்ளைகள், அதாவது பங்காளிகள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். ஒரு வடிவத்துக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால் அது எந்த ஏட்டிலும் கிடைத்தது இல்லை, அறிஞர்கள் கணித்து உருவாக்கிய வடிவம். 'பர்ஹாப்ஸ்', 'பாசிப்ளி' என்ற சொற்களைக் கண்டால் அப்படியே நோட்டிலும் 'இருக்கலாம்' என்று எழுதுங்கள். 'அன்னோன் ஆரிஜின்' என்றிருந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும், நாமாக ஒரு கதை கட்டி அந்த இடத்தை நிரப்பக்கூடாது. ஆண்டைப் பார்க்கும்போதும் ஒரு கவனம் வேண்டும்: அது சொல் பிறந்த ஆண்டு இல்லை, எழுத்தில் நமக்குக் கிடைக்கிற முதல் ஆண்டு. அதற்கு முன்பே வாயில் புழங்கியிருக்கும்.

மூன்றாம் படி: பின்னோக்கி நடங்கள், ஒவ்வொரு ஊராக

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஒரு சொல்லை முழுதாக நடந்து காட்டுகிறேன், ஜிஞ்சர்.

இப்போதைய ஆங்கிலத்தில் ஜிஞ்சர். பழைய ஆங்கிலத்தில் 'கிஞ்சிஃபெர்' மாதிரி ஒரு வடிவம். அதற்குப் பின்னால் பிற்கால லத்தீன் 'கிங்கிபெர்', அதற்கும் முன்னால் 'ஜிங்கிபெரி'. லத்தீனுக்குக் கொடுத்தது கிரேக்கம், 'ஜிங்கிபெரிஸ்'. கிரேக்கர்களுக்கு அந்தப் பொருள் இந்தியாவிலிருந்து போனது, பாலி மொழியில் 'சிங்கிவேர'. இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள், கடைசியில் அந்த 'வேர' என்ன? நம்முடைய வேர். முன்னால் இருப்பது இஞ்சி. இஞ்சிவேர். தமிழ், மலையாளத்தின் முன்னோர் பேச்சில் அந்தச் சொல்லின் முதலில் ஒரு சகரம் இருந்து பிற்பாடு உதிர்ந்துவிட்டது என்று ஆராய்ச்சியாளர்கள் கொள்கிறார்கள், பாலி வடிவத்தில் அந்தச் சகரம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சமஸ்கிருதத்தில் 'ச்ருங்கவேர' என்று ஆனபோது, கிழங்கு பார்க்க மாட்டுக் கொம்பு மாதிரி இருக்கிறதே என்று 'கொம்பு போன்ற உடல்' என ஒரு புதுப் பொருளும் சொல்லிவிட்டார்கள். அழகான விளக்கம்தான், ஆனால் வேர் அது இல்லை. ஆங்கிலேயர் ஜிஞ்சர் டீ குடிக்கும்போது இங்கே நாம் வெட்டுகிற வேரின் பெயரைச் சொல்கிறார்கள் என்று முதல் தடவை தெரிந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பக்கத்திலேயே 'ஜிஞ்சர்லி' என்று ஒரு சொல் இருக்கிறது, ஜாக்கிரதையாக, மெள்ள என்று பொருள். இஞ்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அது பழைய பிரெஞ்சிலிருந்து தனி வழியில் வந்திருக்கலாம். ஒரே எழுத்தைப் பார்த்து ஒரே குடும்பம் என்று முடிவு கட்டக்கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

பெப்பரின் கதை வேறு மாதிரி. அதன் வேர் மிளகு இல்லை, சமஸ்கிருத 'பிப்பலீ', அதாவது நம் திப்பிலி. முதலில் திப்பிலிக்கு இருந்த பெயர் மேற்கே போய் மிளகுக்கும் சேர்ந்துவிட்டது. அப்படியானால் மிளகு என்ற தமிழ்ச் சொல் ஆங்கிலத்தில் எங்கேயுமே இல்லையா? இருக்கிறது, 'மல்லிகட்டானி' சூப்பில். மிளகுத்தண்ணீர். 1784 வாக்கில் ஹைதர் அலியிடம் பிடிபட்டிருந்த ஆங்கிலக் கடற்படைக்காரர் ஒருவரின் பாட்டில், பெங்களூர்ச் சிறையில் மல்லிகட்டானியும் கஞ்சியும் சாப்பிடுகிறோம் என்று வருவதை ஹாப்சன்-ஜாப்சன் எடுத்துக் காட்டுகிறது. இன்றைக்கு இங்கிலாந்தில் அதில் கோழி, ஆப்பிள் எல்லாம் போடுகிறார்கள். நம் வீட்டு மிளகு ரசத்தைக் கையில் கொடுத்து இதுதான் அது என்றால் நம்பமாட்டார்கள்.

பின்னோக்கி நடக்கும்போது நம் கரைக்கு வந்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: இடையில் தூக்கிக்கொண்டு போனவர் யார்? பெரும்பாலும் போர்ச்சுகீசியர். மாங்காய் அவர்கள் வாயில் 'மாங்கா' ஆகி ஆங்கிலத்தில் மேங்கோ ஆனது. மலையாளச் சக்கை 'ஜாக்கா' ஆகி ஜாக்ஃப்ரூட். பண்ருட்டிப் பக்கம் போகிறவர்கள் ஒரு தோப்பில் நின்று இதை நினைத்துப் பார்க்கலாம். பலாமரத்தின் ஆங்கிலப் பெயர் மலபாரிலிருந்து போனது, பக்கத்தில் நிற்கிற முந்திரியின் ஆங்கிலப் பெயரான 'கேஷ்யூ' பிரேசிலின் துப்பி மொழியிலிருந்து கிளம்பியது. அந்தச் சொல்லையும் ஆங்கிலத்துக்குக் கொடுத்தது அதே போர்ச்சுகீசியர்தான். ஒரு வேலிக்குள் இரண்டு கடல்.

நான்காம் படி: பொருள் எங்கே திரும்பியது

மறுபடி கட்டுமரம். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1697ல் வெளியிட்ட பயண நூலில் கோரமண்டல் கரையின் 'கேட்டமரான்'களைச் சொல்கிறார். ஒரு கட்டையோ இரண்டோ, லேசான மரம், ஓர் ஆள்தான் போகலாம், அவன் கால்கள் எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருக்கும் என்று எழுதுகிறார். தேவனாம்பட்டினத்துப் பெரியவருக்கு இந்த வரியைத் தமிழில் சொன்னேன், "அது சரி, இவன் பார்த்துத்தான் எழுதியிருக்கான்" என்றார். கயிற்றால் கட்டுவது, கரைக்கு வந்ததும் அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக வெயிலில் காயப்போடுவது, இல்லாவிட்டால் தண்ணீர் குடித்துக் கனத்துப்போகும் என்று அவர் கையால் முடிச்சுப் போட்டே காட்டினார். வலது கை கயிற்றைச் சுற்ற, இடது கட்டைவிரல் அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தது, விரலில் அந்த இடம் மட்டும் தேய்ந்து வழவழவென்று இருந்தது.

அப்புறம் 1876ல் அமெரிக்காவில் நத்தனியேல் ஹெர்ரெஷாஃப் என்பவர் 'அமரில்லிஸ்' என்ற இரட்டை உடல் பாய்மரப் படகைக் கட்டினார். அந்த வகைப் படகுக்குக் கேட்டமரான் என்ற பெயர் நிலைத்தது. ஒன்றுக்கு மேற்பட்டதை இணைத்தது என்ற எண்ணம் மட்டும் மிஞ்சியது, கட்டும் போனது, மரமும் போனது. பெரியவர் கேட்ட கேள்விக்கு விடை இந்த இரண்டு ஆண்டுகளுக்கு நடுவில் இருக்கிறது.

பொருள் இப்படித் திரும்புவது நம் மொழியிலும் நடந்திருக்கிறது, அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆங்கிலம் சுலபமாகப் புரியும். 'ஸ்டிங்க்' என்றால் இன்று துர்நாற்றம், பழைய ஆங்கிலத்தில் அது எந்த வாசனைக்கும் பொதுச்சொல், பூவாசனைக்கும் உண்டு. நம் 'நாற்றம்' அதே வழியில் நடந்த சொல். 'முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்' என்று வள்ளுவர் சொல்வது மொட்டுக்குள் இருக்கிற மணத்தை. அதேபோல 'நைஸ்' ஒரு காலத்தில் முட்டாள் என்று பொருள்பட்டது, 'சில்லி' ஒரு காலத்தில் ஆசி பெற்றவர்.

'சைக்ளோன்' என்ற சொல்லை நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் எடுத்துப் பார்க்க வேண்டும். பெற்றவர் பெயரே தெரிந்த சொல் அது. கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் 1848ல் மாலுமிகளுக்கான புத்தகத்தில் வெளியிட்டார். வட்டம் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து, சுருண்டு கிடக்கும் பாம்பை மனதில் வைத்து உருவாக்கியது. வங்கக் கடலுக்காகவே பிறந்த சொல் என்று சொல்லலாம். நம் 'புயல்' வேறு. குறளில் 'புயலென்னும் வாரி' என்று வரும், அங்கே புயல் என்றால் மழை, உழவனின் வருமானம். 2011 டிசம்பர் 30ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியபோது பலாவும் முந்திரியும் வேரோடு விழுந்ததைப் பார்த்தவர்கள் நாம். ஒரே சொல் வாரியாகவும் இருந்திருக்கிறது, வாரிக்கொண்டு போவதாகவும் ஆகியிருக்கிறது.

ஐந்தாம் படி: ஓசையை நம்பாதீர்கள்

வாட்ஸ்ஆப்பில் வருமே, எட்டு-எய்ட், ஒன்று-ஒன், காசு-கேஷ், எல்லாம் தமிழிலிருந்து போனது என்று. படிக்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. இரண்டு சொற்களும் உண்மையிலேயே உறவு என்றால் பின்னால் போகப் போக நெருங்க வேண்டும். விலகிப்போனால் அது தற்செயல்.

எட்டை எடுங்கள். எண்பது, எண்திசை, எண்சாண் உடம்பு. அதன் அடி 'எண்'. அங்கே டகரமே இல்லை. ஆங்கில 'எய்ட்' பின்னால் போனால் பழைய ஆங்கிலத்தில் 'எஅஹ்த', லத்தீனில் 'ஆக்டோ', சமஸ்கிருதத்தில் 'அஷ்ட'. ஆக எய்ட்டுக்குப் பங்காளி எட்டு இல்லை, அஷ்டமி. இரண்டும் இரண்டு வெவ்வேறு குடும்பத்து மொழிகள், வழியில் ஒரே மாதிரி சட்டை போட்டிருக்கின்றன, அவ்வளவுதான்.

காசு விஷயம் இன்னும் நுட்பமானது, அதனால்தான் எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஆங்கிலத்தில் இரண்டு 'கேஷ்' இருக்கின்றன. ரொக்கம் என்று பொருள்படும் கேஷ், பெட்டி என்ற பொருளுள்ள லத்தீன் 'காப்ஸா'விலிருந்து இத்தாலியம், பிரெஞ்சு வழியாக வந்தது. பணம் வைக்கிற பெட்டியின் பெயர் பணத்துக்கே ஆகிவிட்டது. கேப்ஸ்யூல் மாத்திரையும் அந்தப் பெட்டியின் பேத்திதான். இன்னொரு கேஷ், கிழக்கு நாடுகளின் சின்னச் செப்புக்காசுக்கு ஆங்கிலேயர் சொன்ன பெயர். அது நம் காசு, போர்ச்சுகீசியர் வழியாகப் போனது. கம்பெனிக் காலத்துச் சென்னைக் கணக்கில் 80 கேஷ் ஒரு 'பணம்' என்ற நாணயம், 42 பணம் ஒரு வராகன். ஆகவே 'கேஷ் தமிழ்ச் சொல்லா' என்று யாராவது கேட்டால், எந்தக் கேஷ் என்று திருப்பிக் கேளுங்கள்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு டியூஷன் வகுப்பில் நானே பிள்ளைகளிடம் ஏடிஎம்மில் எடுக்கிற கேஷ் நம் காசுதான் என்று சொல்லிவிட்டேன். உண்மை தெரிந்ததும் அடுத்த வாரம் போய்த் திருத்தினேன். ஒரு பெண் கை தூக்கி, "அப்போ ரெண்டு கேஷும் எப்ப சார் சந்திச்சுது?" என்று கேட்டாள். போர்ச்சுகீசிய வாயிலேயே சந்தித்துவிட்டன. 'காய்ஷா' என்ற அவர்கள் சொல்லுக்குப் பெட்டி என்றும் பொருள், நம் காசைக் குறிக்கவும் அதே சொல்லைத்தான் சொன்னார்கள்.

ஆறாம் படி: திரும்பி வந்து தமிழைப் பாருங்கள்

ஆங்கிலச் சொல்லின் வேர் கிடைத்ததும் நோட்டை மூடிவிடாதீர்கள். அதே பொருளுக்கு நாம் என்ன சொல்கிறோம் என்று தமிழ் லெக்சிகனில் தேடுங்கள். 'விண்டோ' என்ற சொல்லில் இதைச் செய்தபோதுதான் எனக்கு மிகப் பெரிய பரிசு கிடைத்தது. அது ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியில் இருந்த 'விண்டௌகா', அதாவது காற்றுக் கண். அதற்கு முன்பு பழைய ஆங்கிலத்தில் அதற்குக் கண்துளை என்று பொருள்படும் சொல் இருந்தது. நாம் தினமும் சொல்கிற ஜன்னல் போர்ச்சுகீசிய 'ஜனேலா'. சரி, ஜன்னலுக்கு முன்னால் நம்மிடம் என்ன இருந்தது? சாளரம் தெரியும். இன்னொன்று, காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. பூம்புகாரை வருணிக்கும்போது சிலப்பதிகாரம் 'மான்கட் காலதர் மாளிகை' என்கிறது, மானின் கண் போன்ற காற்றுவழிகள் கொண்ட மாளிகைகள். வடகடல் நார்ஸ்காரனுக்கும் காவிரி முகத்தைப் பாடிய புலவனுக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது, கடன் வாங்கவில்லை, கொடுக்கவில்லை. இருவரும் சுவரில் இருந்த ஓட்டையைப் பார்த்து, காற்று, கண் என்ற அதே இரண்டையும் நினைத்திருக்கிறார்கள்.

'டெக்ஸ்ட்' என்ற சொல்லும் இப்படித்தான், நெய்தல் என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது, 'டெக்ஸ்டைல்' அதன் உடன்பிறப்பு. நமக்கு நூல் என்றால் இழையும்தான், புத்தகமும்தான். நன்னூல் அந்த உவமையை ஒரு பாட்டாகவே விரித்திருக்கிறது.

ஏழாம் படி: காலாற நடந்து பாருங்கள்

புத்தகத்தில் கிடைப்பது பாதிதான். தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டை இருந்த இடத்துக்குப் போங்கள். 1690ல் ஆங்கிலக் கம்பெனி மராத்தியரிடம் வாங்கியது, 1746ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபிறகு 1752 வரை கம்பெனியின் தலைமை இடமே இதுதான். அந்த ஆறு வருஷம் இந்தக் கரையிலிருந்துதான் எழுத்தர்கள் கடிதம் எழுதினார்கள், கடிதத்தோடு சொற்களும் போயின. புதுச்சேரிக்குப் போனால் 1827ல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது. ஆனந்தரங்கம் பிள்ளையின் நாட்குறிப்பைக் கேட்டு எடுத்துப் படியுங்கள். 1736லிருந்து 1761 வரை, புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷியாக இருந்தவர் அன்றாடம் எழுதிய தமிழ், அயல்மொழிச் சொற்கள் தமிழ் எழுத்தில் எப்படி உட்காருகின்றன என்று கண் முன்னால் பார்க்கலாம். துபாஷி என்றாலே இரண்டு மொழிக்காரர் என்றுதான் பொருள்.

நேரம் இருந்தால் பரங்கிப்பேட்டைக்கும் ஒரு நடை. பரங்கி என்றால் போர்ச்சுகீசியர், பொதுவாக வெள்ளைக்காரர். அந்தச் சொல் பாரசீகம், அரபு வழியாக வந்தது, வேர் 'ஃபிராங்க்' என்ற ஐரோப்பிய இனத்தின் பெயர். பிரான்ஸ் என்ற நாட்டுப் பெயரும் அதிலிருந்துதான். ஃபிராங்குகள் அடிமைப்படாத சுதந்திரர் என்பதால் அந்தப் பெயரே சுதந்திரமான, ஒளிவுமறைவில்லாத என்ற பொருளில் ஆங்கிலத்துக்கு வந்தது, 'ஃபிராங்க்லி ஸ்பீக்கிங்' என்கிறோமே, அது. சந்தையில் கீற்றுப் போட்டு விற்கிற பரங்கிக்காயும், மனம் திறந்து பேசுவதற்கான ஆங்கிலச் சொல்லும், புதுச்சேரியின் பிரெஞ்சுக்காரர்களும் ஒரே வேரில் வந்து நிற்கிறார்கள்.

ஒரு சொல்லைப் பற்றி மட்டும் கனத்த மனதோடு சொல்ல வேண்டும். ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளில் ஆங்கிலப் பத்திரிகைகள் சர்வசாதாரணமாக எழுதும் 'பரையா' என்ற சொல், பறை என்ற இசைக்கருவியின் பெயரோடு சேர்ந்த நம் மக்களின் பெயர். ஒரு சமூகத்தின் பெயரை வசையாக்கி உலகம் முழுக்கக் கொண்டுபோயிருக்கிறார்கள். நான் அதைப் பயன்படுத்துவதில்லை, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது காரணத்தோடு சொல்லிக்கொடுக்கிறேன்.

நோட்டில் ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே உங்கள் முதல் ஊகம், நடுவே ஒவ்வொரு வடிவமும் அதன் காலமும், ஓரத்தில் எது உறுதி எது 'இருக்கலாம்', கீழே தமிழில் கிடைத்தது. இந்த வாரத்துக்கு மூன்று சொல் தருகிறேன்: 'செரூட்', 'கான்ஜீ', 'கோடவுன்'. செரூட்டில் தொடங்குங்கள், சுருட்டு என்று பத்து நிமிஷத்தில் பிடித்துவிடலாம். கான்ஜீக்கு ஒரு மாலை போதும். கோடவுன் மட்டும் நம் கிடங்கில் நிற்காது, மலாய் நாடு வரைக்கும் இழுத்துக்கொண்டு போகும், அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுதாக ஒதுக்கிவைத்துக்கொள்ளுங்கள்.